பத்து அங்குல வெள்ளமும் ஓர் ஈர்க்கும்

படித்தவன் விடும் பிழையைப் படிக்காதவனால் விடவே முடியாது. அதற்கென்று பரீட்சை பாஸ் பண்ணியிருக்க வேண்டும். நான் பண்ணியிருந்தேன், அதுவும் கணிதத்தில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு தை மாதம். வவுணதீவில் மாமாவின் வயல்வட்டையில் வெள்ளாமை வெட்டி, கதிர்க்கட்டுகளை வாவிக்கரையில் மலையாகக் குவித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குச் சூடு என்று பெயர். சூடடித்து நெல்லைப் பிரிக்குமுன் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. வாவி ஏறத் தொடங்கியது. சூடு போனால் மாமாவின் வருடச் சோறு போச்சு; அவர் மகள் பூரணத்துக்கும் எனக்கும் பேசியிருந்த கலியாணமும் போச்சு.

நான் சும்மா இருந்திருக்கலாம். கரையில் தடி நட்டு, அங்குலக் கோடு கீறி, தினமும் அளந்தேன். கட்டத்தாளில் புள்ளி வைத்து வளைகோடும் வரைந்தேன். ஐந்து நாளில் பத்து அங்குலம் ஏறியிருந்தது. சூட்டின் அடியைத் தொட இன்னும் பத்து அங்குலம்.

அன்று மாமா சூட்டை மேட்டுக்கு ஏற்ற நாலு வண்டியோடு வந்தார்.

"வண்டி என்னத்துக்கு மாமா? ஒரு நாளைக்கு ரெண்டு அங்குலந்தான் ஏறுது. இன்னும் அஞ்சு நாள் கிடக்கு."

"மெய்தானா மருமகன்?"

"கணக்குப் பொய் சொல்லாது மாமா." (அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.)

சோறு கொண்டுவந்த பூரணம் தாளை எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

"மச்சான், முதல் மூணு நாளும் சேர்த்தே ரெண்டு அங்குலந்தானே? மத்த எட்டும் ரெண்டே நாளில ஏறினது, அதிலயும் ஏழு நேற்றையில இருந்துதான்."

சோற்றுப் பொதியில் குத்தியிருந்த தென்னோலை ஈர்க்கை உருவி, வளைகோட்டின் நுனியில், அது போகும் சாய்வுக்கே ஒட்டிவைத்தாள். "கோடு இப்ப போற போக்கு இதுதான். இப்படியே போனா நாளைக்கு மத்தியானம் தண்ணி சூட்டில."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அது இந்தக் கணத்து வேகம் மச்சாள்! நான் சொல்றது சராசரி!" முதற்புள்ளியையும் கடைசிப்புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்துக் காட்டினேன். அழகான கோடு. மாமா படித்த மருமகனை நம்பி வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் நான் சோற்றில் கைவைத்த நேரம், சூட்டடியில் தண்ணீர். வழியெல்லாம் சேறு, வண்டி இறங்காது. மாமா, மாமி, பூரணம், வேலையாட்கள் என்று எல்லோரும் கதிர்க்கட்டுகளைத் தலையில் சுமந்தோம். நான் இரண்டு தரம் கட்டோடு விழுந்தேன். அடிக்கட்டுகள் முளைத்தே போயின; மீதி தப்பியது. வெட்கத்தில் உண்மையாகவே அழுதேன். மழையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பூரணத்துக்குத் தெரிந்திருக்கிறது.

வெள்ளம் வடிந்ததும் மாமாவின் முன் போய் நின்றேன்.

"மாமா, கலியாணம்..."

"ஓம், நாள் வைக்கத்தான் வேணும்."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப ஆவணியில..."

"உன்னட்ட ஆரு மனே கேட்டது? பூரணம், அந்த ஈர்க்கை எடுத்துக்கொண்டு வா கா!"

சித்திரையிலேயே கலியாணம் நடந்தது. இன்றும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பொங்க இன்னும் நேரம் கிடக்கு" என்று நான் வாய் திறந்தால் போதும், பேத்தி முதல் எல்லோரும் விளக்குமாற்றைத் தேடி ஓடுகிறார்கள். ஈர்க்கு உருவத்தானாம்.