மூஞ்சியை மாற்றச் சொன்ன மைத்துனருக்கு

அருப்புக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மைத்துனர் ஐயாத்துரைக்கு அத்தான் இன்பராஜ் ஆசியுடன் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா காளீஸ்வரி, அடுப்படி மூவரும் நலம். மதுரையில் நீயும் உன் பிளைவுட் கடையும் நலமா? போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய். வினையே அந்தப் போனால்தான் வந்தது மாப்ளே.

போன மாதம், அடுப்படி அலமாரிகளை இடித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்று உன்னிடம் கேட்டேன் அல்லவா? ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நீ, "எதுக்கு அத்தான் இடிக்கணும்? உடம்பு தேக்கு, அசையாது. மூஞ்சிதான் பழசாயிருச்சு. மூஞ்சிய மட்டும் மாத்துங்க, புதுசாத் தெரியும்" என்றாய். நானும் சும்மா இராமல், "ஆமா மாப்ளே, இருபது வருசமா அதையேதான பாத்துக்கிட்டிருக்கேன், சலிச்சுப்போச்சு" என்றேன். திரும்பினால் வாசற்படியில் உன் அக்கா! அன்று மூடிய வாய், மூன்று நாள் திறக்கவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. "அலமாரிக் கதவச் சொன்னேன் தாயி" என்று விளக்கப் போனால் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அவள் சத்தம் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துபோனேன்.

நான்காம் நாளே கார்பெண்டர் மருதுபாண்டியைக் கூட்டிவந்தேன். அவர் வந்த வேகத்தில் பழைய கதவுகளைக் கழற்றினார். அரிசி டின்னுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த காரச்சேவுப் பொட்டலம் இரண்டும் பல்லைக் காட்டின. டாக்டர் வேண்டாம் என்ற அதே காரச்சேவுதான். நான் நெளிய, அவர் உன் அக்காவிடம், "பயப்படாதீக அக்கா, உடம்புல கை வைக்க மாட்டேன். மூஞ்சிய மட்டும் மாத்திட்டுப் போயிருவேன்" என்றார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "அட மனுசா, இந்த மூஞ்சியவா சொன்னீக?" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தாள் பாரு, அப்படியொரு சிரிப்பு! சிரித்துக்கொண்டே சேவு முழுவதையும் அவளே தின்றுவிட்டாள்.

மாப்ளே, நீ நல்லா இருப்பே. இடி இல்லை, புழுதி இல்லை, இரண்டே நாளில் பச்சைக் கதவு மாட்டி, வீடு வெளிச்சமாகிவிட்டது. அவள் கோபத்தில் அறைந்தாலும் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உன் அக்கா காலையிலிருந்து பேசுகிறாள், பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். இந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன்?

உன் கடையில் கூட்டம் குறையாமல், பிள்ளை குட்டிகளோடு நோய்நொடி இல்லாமல் நீ வாழ, குலசாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு, உன் அத்தான்
இன்பராஜ்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுறேன். இவுக ஸ்டாம்பு வாங்கப் போயிருக்காக. கடுதாசியப் புது அலமாரியிலதான் ஒளிச்சு வச்சிருந்தாக. நீங்க ரெண்டு பேரும் அலமாரியப் பத்தித்தான் பேசுனீகன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அலமாரிய மாத்துங்கன்னு ஏழு வருசமா வாய் வலிக்கச் சொல்லி நடக்காதது, மூணு நாள் வாய மூடுனதுல நடந்துருச்சு. அடுத்து பாத்ரூம் கதவு. வர்ற ஞாயித்துக்கெழம போன் போட்டு, அது மூஞ்சியும் நல்லால்லன்னு சத்தமாச் சொல்லு. நான் வாசப்படியிலதான் நிப்பேன்.