நாணயச் சான்றிதழ், மூன்று பிரதிகள்

முப்பத்தைந்து ஆண்டுகள் சான்றிதழ் சரிபார்ப்புப் பிரிவைக் கட்டியாண்டு ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், ஓடிக்கொண்டிருக்கும் இணையதளம் ஒன்றை விலைக்கு வாங்கி, விளம்பர வருமானத்தில் காலம் தள்ளுவதெனத் தீர்மானித்தார். கூரையை மாற்ற மனைவி சேர்த்துவைத்திருந்த பணம் மேற்படி நோக்கத்துக்காக ஒதுக்கப்பட்டது. இணையத்தில் விற்பவர்களில் பாதிப் பேர் திருடர்கள் என்று மருமகன் எச்சரித்தார். கண்காணிப்பாளர் சிரித்தார். முத்திரையில்லாத தாள் ஒன்றுகூட அவர் மேசையைத் தாண்டியதில்லை.

முதலில் அகப்பட்டவர், தோட்டக்கலை பற்றித் தளம் நடத்திய ஓர் ஆசிரியை.

“ஒரு நாளைக்கு நாப்பது பேர் வருவாங்க சார். சந்தேகம்னா தளத்துக்குள்ளே நுழைஞ்சு வருகைக் கணக்கை நீங்களே பாத்துக்கங்க” என்றார் தொலைபேசியில்.

“நானே பாக்குறதுக்கு விதிமுறை எதுக்கும்மா? இத்தனை பேர் வர்றாங்கன்னு வருகையாளர் சான்றிதழ், நீங்க நேர்மையானவங்கன்னு நாணயச் சான்றிதழ், ரெண்டுலயும் மூணு மூணு பிரதி அனுப்புங்க.”

“அதையெல்லாம் யார் சார் தர்றாங்க?”

தக்க ஆவணம் இல்லாமையால் ஆசிரியை நிராகரிக்கப்பட்டார். அவரைப்போலவே உண்மை பேசிய இன்னும் பத்துப் பேரும் நிராகரிக்கப்பட்டார்கள்.

பன்னிரண்டாவது ஆள் மீன்தொட்டித் தளக்காரர். நாளொன்றுக்கு நாலாயிரம் பேர் வருவதாகச் சொன்னார். கேட்ட சான்றிதழ்கள் ஒரு மணி நேரத்தில் வந்தன. கேட்காத வேறு இரண்டு சான்றிதழ்களும் கூடவே வந்தன. ஒவ்வொன்றிலும் வட்ட முத்திரை, அதன்மேல் சாய்வாகக் கையெழுத்து. கண்காணிப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

“உள்ளே போய்ப் பாத்தீங்களா மாமா?”

“அதான் தாள் இருக்கே மாப்பிள்ளை. அதுக்கு மேல பாத்தா அவருக்கு அவமரியாதை.”

வாங்கிய மறுநாள் தளத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர்: அவர், மனைவி, மருமகன். மருமகன் ஒரு வழியாக உள்ளே நுழைந்து ஆராய்ந்தார்.

“நாலாயிரம் பேர் வந்தது நிஜம்தான் மாமா. ‘விற்பனைக்கு’ன்னு போட்டிருந்தான்ல, வாங்கலாமான்னு பாக்க வந்த கூட்டம் அது. இப்ப அதை எடுத்தாச்சு, யாரும் வரல.”

“அப்போ சான்றிதழ் பொய்யில்ல” என்றார் கண்காணிப்பாளர், கொஞ்சம் ஆறுதலாக.

“பொய்யில்லாத அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கூரையில விரிங்க” என்றார் மனைவி.

வேறு வழியின்றித் தளத்தை விற்பனைக்கு விட்டார். மறுநாளே நாலாயிரத்து இருநூறு பேர் வந்தார்கள். முதலில் அழைத்தவர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. கண்காணிப்பாளருக்கு மனசாட்சி உறுத்தியது.

“சார், ஒளிக்காம சொல்லிடறேன். வர்றவங்க எல்லாருமே வாங்கலாமான்னு பாக்க வர்றவங்கதான். வேற ஒருத்தரும் வர்றதில்ல.”

“வாயால சொன்னா எப்படி? எழுத்துல இருக்கா?”

கண்காணிப்பாளர் தாம் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் சான்றிதழாக எழுதி, முத்திரை குத்தி, மூன்று பிரதிகள் அனுப்பினார். இதைப் படித்த பிறகு எவனும் வாங்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

மாலையில் பதில் வந்தது. “மூன்றாம் பிரதியில் முத்திரை சற்று மங்கல். மற்றபடி அனைத்தும் சரியாக உள்ளன. பணம் அனுப்பப்பட்டது.”