பூதத்தின் பெயர் பலகையில் மூன்றாம் முறை வந்த கதை

ஒரு காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சேர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் மீதிப் பேரைத் தின்றார்கள். தின்றவர்கள் வயிறு நிறைந்ததும் படிப்பை நிறுத்திக்கொண்டார்கள். மாணவர் எண்ணிக்கை போதவில்லை என்று மேலிடம் அந்தப் பள்ளியை மூடி, மிஞ்சிய ஒரே முயலைப் பக்கத்துப் பேய்ப்பள்ளியில் சேர்த்துவிட்டது.

முயலின் பெயர் வெள்ளைச்சாமி. முதல் நாள் அவன் வகுப்பு வாசலைத் தாண்டாமலே நின்றான். உள்ளே பிசாசு, காட்டேரி, குட்டிச்சாத்தான் என்று நாற்பது பேர் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் மலையப்பன் என்ற பூதம் மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தது.

"பயப்படாதடா. இங்க யாரும் கடிக்க மாட்டாங்க. தயிர்சாதம் சாப்பிடுறியா?"

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு மலையப்பனின் டப்பாவில்தான். பூதத்தின் டப்பா என்பதால் வெள்ளைச்சாமி உள்ளே இறங்கித்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

போகப் போகத்தான் தெரிந்தது, அந்த வகுப்பில் நிஜமாகப் பயந்துகொண்டிருந்தவை பேய்கள்தான் என்று. ஆமை வாத்தியார் பாடம் நடத்த மாட்டார். பாவம், அவருக்கு நேரம் ஏது? வருகைப்பதிவைச் செல்போனில் ஏற்ற வேண்டும், சிக்னலோ மலையுச்சியில்தான் கிடைக்கும். காலையில் ஏறத் தொடங்கினால் மாலை மணிக்குத்தான் திரும்புவார். போகும்போது லீடர் கையில் சாக்பீஸைக் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்வார். ஒருவர் பெயர் மூன்று முறை வந்தால் டி.சி. கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார். மலையப்பன் பெயர் இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டு முறையும் அது தும்மியதுதான்.

பழைய லீடரான காட்டேரி ஒருநாள் லீவு போட்டது. சாக்பீஸ் வெள்ளைச்சாமி கைக்கு வந்தது.

அவன் சும்மா பலகைப் பக்கம் திரும்பினான். அத்தனை வாயும் கப்பென்று மூடிக்கொண்டன. அடடா! வெள்ளைச்சாமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுநாளிலிருந்து பிசாசு அவன் பையைத் தூக்கியது. குட்டிச்சாத்தான் பென்சில் சீவிக் கொடுத்தது. திரும்பி வந்த காட்டேரிக்குப் பழைய பதவி கிடைக்கவில்லை. இருமினால் பெயர், கொட்டாவி விட்டால் பெயர், முறைத்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இன்டு மார்க். மலையப்பன் பெயரை மட்டும் அவன் எழுதவில்லை. தயிர்சாதம் அப்படி.

பழைய பள்ளியில் அவனோடு படித்த நரி ஒருநாள் ஜன்னல் வழியாக மெல்ல உள்ளே இறங்கியது. வெள்ளைச்சாமி பலகைப் பக்கம் திரும்பித் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தான். நாற்பது பேரும் பார்த்தார்கள். ஒருவர்கூட மூச்சு விடவில்லை. என்ன ஒழுக்கம் என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"டேய் வெள்ளை, பின்னாடி பாருடா!" என்று மலையப்பன் கத்தியது.

"யாருடா பேசுறது?" என்று அதட்டிய வெள்ளைச்சாமி, திரும்பாமலே 'ம' என்று எழுதத் தொடங்கினான். நரியின் பல் காதில் பட்டபிறகுதான் அலறினான். மலையப்பன் நாலு பெஞ்சைத் தாண்டிக் குதித்து, நரியின் வாலைப் பிடித்துச் சுழற்றி ஜன்னலுக்கு வெளியே எறிந்தது.

"அடி பட்டுச்சாடா?" என்று கேட்டு, அவன் காதை ஊதிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, பாதி வழியிலேயே போனில் சார்ஜ் தீர்ந்துபோன ஆமை வாத்தியார் வாசலில் வந்து நின்றார். நாலு பெஞ்சும் உடைந்து கிடந்தன. "லீடர், யாரு பேசினது? யாரு எடத்த விட்டு எந்திரிச்சது?"

வெள்ளைச்சாமியின் ஒரு கையில் டஸ்டர், இன்னொரு கையில் சாக்பீஸ். மலையப்பன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அழித்துவிடலாம்தான். அழித்தால் லீடர் பதவி போய்விடுமே! அவன் பெயரை முழுசாக எழுதி முடித்தான். இடத்தை விட்டு எழுந்ததற்காகப் பக்கத்தில் ஒரு இன்டு போட்டான்.

மலையப்பன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியது. டப்பாவை மட்டும் அவனுக்காக பெஞ்சில் வைத்துவிட்டுப் போனது.

எண்ணிக்கை குறையக் கூடாதல்லவா? மறுநாளே அந்த இடத்தில் புது மாணவனைச் சேர்த்தார்கள். வாலில் கட்டுப் போட்ட நரி. வாயே திறக்காத நல்ல பிள்ளை என்று வாத்தியார் மெச்சி, வெள்ளைச்சாமியின் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டு மலையேறப் போனார்.

நீதி: உயிரைக் காப்பாற்றியவனை ஒருநாளும் மறக்கக் கூடாது, அவன் பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டும்.