சாவி கையில், மாமா காரில்

கார் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்குக் காரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நம்புவதில் தப்பில்லை. அதை அவனே நம்பத் தொடங்கும்போதுதான் விபரீதம்.

நான் வேலை பார்ப்பது ஒரகடத்தில், காருக்கு சீட் செய்யும் கம்பெனியில். சீட், அதன் பஞ்சு, உறை, பெல்ட். மனிதர்கள் உட்காரும் இடத்தோடு என் அறிவு முடிந்துவிடும். ஆனால் எனக்குப் பெண் கேட்கப் போனபோது என் அண்ணன், "தம்பி கார் பண்ணுதான்" என்று சொல்லிவைத்தார். (எங்கள் சங்கரன்கோவில் பக்கம் இப்படிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம்.) நானும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால், நான் பெண் எடுத்த மண்ணூரில் ஒரு நல்ல கார் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

அது என் மாமனாரின் பழைய டர்போ டீசல் கார். என் மனைவி தீபா பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. உர மூட்டை, பிரசவ வலி, கல்யாணச் சீர் எல்லாம் சுமந்தும் ஒருநாள் கூட வழியில் நின்றதில்லை. மாமனாரின் பராமரிப்பு ரொம்ப எளிமை. காலாகாலத்தில் சுங்குவார்சத்திரம் மெக்கானிக்கிடம் விட்டு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவார். வேகமாக ஓட்டி வந்தால் உடனே எஞ்சினை அணைக்க மாட்டார். "கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்" என்று சும்மா ஓடவிட்டுத்தான் இறங்குவார்.

அவர் செய்வது ஏன் சரி என்பதை அவருக்கே நான் அரைமணி நேரம் விளக்கினேன். எஞ்சின் புகையின் வேகத்தில் டர்போ சுற்றுகிறது, அந்தச் சூட்டை ஆயில்தான் தணிக்கிறது, சட்டென்று அணைத்தால் ஆயில் அங்கேயே கருகிவிடும் என்றெல்லாம். எல்லாம் வீடியோவில் பார்த்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதத்தான மாப்ள நானும் பண்ணிக்கினு கீறேன்?" என்றார்.

அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும் கார் என் பொறுப்புக்கு வந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் தினமும் உருவிப் பார்ப்பேன். சமதரையில் நிறுத்தி, அணைத்துச் சற்று நேரம் கழித்து, ஆயில் கீழே இறங்கிய பிறகுதான் பார்க்க வேண்டும். நானோ வீட்டு வாசல் சரிவில், அணைத்த வேகத்தில் உருவுவேன். ஆயில் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். ஊற்றுவேன். மறுபடி பார்ப்பேன். மறுபடி ஊற்றுவேன். குறைந்தால்தானே ஆபத்து, கூடினால் என்ன? (குழந்தைக்கு நெய் ஊட்டுகிற மனநிலை.)

மச்சான் தினேஷுக்கு மறைமலை நகரில் பெண் அமைந்தது. பூ வைக்கும் நாள். மாமியாரும் தினேஷும் சொந்தங்களோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரில் நானும் மாமனாரும் முன்னால், தட்டுகளோடு தீபா பின்னால். கிளம்புமுன் நீண்ட பயணமாயிற்றே என்று ஒரு கேன் ஆயிலை முழுசாக ஊற்றினேன். பிறகு மாமனாருக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டேன். அவர் போலீஸைக் கண்டால் மட்டும் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொள்வாரே தவிர, ஒருநாளும் மாட்டியதில்லை.

"இதெல்லாம் எதுக்கு மாப்ள?"

"நம்ம சேஃப்டிக்குத்தான் மாமா."

பெண் வீட்டு வாசலில் வரவேற்க ஒரு கூட்டமே நின்றது. நான் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் கண்ணாடியை இறக்கி, பெண்ணின் அப்பாவுக்கு டர்போவைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவரும் தலையாட்டினார். அப்போது நான் ஆக்ஸிலேட்டரில் காலே வைக்காமல் எஞ்சின் தானாக உறுமத் தொடங்கியது.

அதிகப்படியான ஆயில் காற்றுக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் போய், டீசலுக்குப் பதில் எரியத் தொடங்கியிருந்தது. சாவி டீசலைத்தான் நிறுத்தும். ஆயிலை யார் நிறுத்துவது? நான் சாவியைத் திருப்பி வெளியே உருவிவிட்டேன். சத்தம் இன்னும் ஏறியது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை தெருவையே மூடியது.

"இன்னா மாப்ள, சாவிய எடுத்துட்டீங்க, வண்டி இன்னும் கத்திக்கினு கீது?"

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடைசி கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்து, கிளட்சை விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிடும். அந்த வீடியோவுக்கு லைக் கூடப் போட்டிருக்கிறேன். ஆனால் நான் செய்தது, கதவைத் திறந்துகொண்டு ஓடியது.

தெருமுனை ஜெராக்ஸ் கடை வரை ஓடினேன். கடைக்கார அம்மா வெளியே வந்து, "இன்னா சார் ஆச்சு?" என்றார்.

"கார் நிக்க மாட்டேங்கு."

"சாவிய ஆஃப் பண்ண வேண்டிதான?"

சாவியைத் தூக்கிக் காட்டினேன். அந்த அம்மா சாவியைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ள யார்னா கீறாங்களா?" என்றார்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். புகைக்கு நடுவில் மாமனார் இரண்டு கைகளாலும் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தார். சடாரென்று இழுத்தால் அது பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொள்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதுதான் கம்பெனியில் என் வேலையே. அந்தச் சிவப்பு பட்டனை அமுக்கினால் போதும். அந்தத் தெருவில் என்னைவிட அது நன்றாகத் தெரிந்தவன் யாருமில்லை. நான் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றேன்.

தீபாதான் தட்டுகளைத் தள்ளிவிட்டு, பின்சீட்டிலிருந்து எட்டி பட்டனை அமுக்கினாள். இறங்கி வந்து கதவைத் திறந்து, அப்பாவைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் வாசற்படி ஏறியபோது, காருக்குள் ஏதோ உடையும் சத்தம் கேட்டது; எஞ்சின் நின்றது. தெருவே அமைதியானது. நான் நடந்து வந்தேன். அவ்வளவு தூரமா ஓடியிருந்தேன் என்று திரும்பும்போதுதான் தெரிந்தது.

யாரும் திட்டவில்லை. பெண் வீட்டார் மாமனாருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அவர் மெல்ல எழுந்துபோய் பானட்டில் கை வைத்தார். சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "ஓடறப்ப என்னையும் ஒரு கொரல் கூப்ட்டு இருக்கலாம்ல மாப்ள?"

நான் கையிலிருந்த சாவியை அவரிடம் நீட்டினேன்.

எஞ்சினைப் பிரித்த சுங்குவார்சத்திரம் மெக்கானிக், "ஆயில் இல்லாம செத்த எஞ்சின் நெறைய பாத்துக்கீறேன் சார். குடிச்சிக் குடிச்சிச் செத்தது இதான் மொத தபா" என்றார். கார் பழைய இரும்புக்குப் போனது. அதை ஏற்றிக்கொண்டு போனபோது மாமனார் வெளியே வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். எஞ்சின் போனதைக்கூட என்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது. அவர் பெல்ட்டோடு போராடிய அந்த நேரத்தைத்தான் தாங்க முடியவில்லை.

சம்பந்தம் முறிந்துவிடும் என்று பயந்தேன். முறியவில்லை. பெண்ணின் பெரியப்பா கூட்டத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டாராம்: "பொண்ணு எறங்கி அப்பன காப்பாத்திச்சி. நல்ல குடும்பம்தான். பயந்து ஓடுனது அவங்க மாப்ள, வெளியாளு."

தினேஷின் மனைவிக்குப் போன மாதம் வளைகாப்பு. பந்தி நடந்துகொண்டிருக்கும்போது சமையல் பக்கமிருந்து கேஸ் வாடை வந்தது. இரண்டு மூன்று பேர் இலையை விட்டு எழுந்தார்கள். பந்திக் கடைசியிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது:

"எங்க மாப்ள கீறாரா, ஓடிட்டாரா?"

"ஒக்காந்துக்கினுதான் கீறாருப்பா!" என்றாள் தீபா.

"அப்ப ஒண்ணும் ஆவாது. எல்லாம் ஒக்காந்து சாப்புடுங்க."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போதே கால் பரபரத்துவிட்டது. ஆனால் பந்தி முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் இலையைப் பார்த்துக் குனிந்து, இன்னொரு வடை கேட்டேன்.