முப்பத்தொன்பது படமும் ஒரு மடியும்

டிஜிட்டல் கேமராக்காரன் படம் எடுப்பான். ஃபிலிம் கேமராக்காரன் முதலில் பிரசங்கம் செய்வான். நானும் கொஞ்ச காலம் அப்படித் திரிந்தவன்தான். (ஒத்துக்கொள்ள இப்போதும் கூச்சமாக இருக்கிறது.)

பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை இணையத்தில் வாங்கிய மூன்றாவது வாரம், அக்கா மகனுக்கு மொட்டை, காதுகுத்து. வேடசந்தூர்ப் பக்கம் குலதெய்வக் கோயில். நான் ஒரே தாய்மாமன். பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும். அதற்காகவே அக்கா எனக்குப் பட்டு வேட்டி எடுத்து வைத்திருந்தாள்.

"நான் மடியில வச்சுக்கிட்டா யாருக்கா படம் எடுக்கறது?" என்றேன்.

"எல்லார்ட்டயும் செல் இருக்குல்லடா?"

வந்ததே கோபம் எனக்கு. "செல்லுல ஆயிரம் எடுப்பீங்க, ஒண்ணையும் திரும்பப் பாக்க மாட்டீங்க. ஃபிலிம்ல முப்பத்தாறுதான். அம்புட்டும் பொக்கிஷம்!" என்று கோயில் வாசலிலேயே முழங்கினேன். பெரியப்பா மகன் முருகேசண்ணனை என் இடத்தில் உட்கார வைத்தேன். அக்காவின் முகம் சுண்டிப்போனது. வெளிச்சம் நன்றாக விழுகிறதே என்று அதையும் ஒரு படம் எடுத்தேன்.

செல்லைத் தூக்கியவர்களை எல்லாம், "உள்ள வைங்க, உள்ள வைங்க!" என்று விரட்டினேன். முடி இறங்கியது, ஆசாரி காது குத்தினார், பிள்ளை ஊரைக் கூட்டியது. கேமராவில் எண் முப்பத்தொன்பதைத் தொட்டது. "பாத்தீங்களா, மூணு படம் கூடுதலாக் குடுக்குது!" என்று பெருமையடித்தேன். ரீலைத் திரும்பச் சுற்றும்போது கையில் கனமே இல்லை. என்ன வழவழப்பு என்று மெச்சிக்கொண்டேன்.

திண்டுக்கல்லில் ஃபிலிம் கழுவ எனக்கு ஆள் கிடைக்கவில்லை. கோயம்புத்தூர் லேப் ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து அந்த லேப்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ரீல் நுனிய உள்ள இருக்கற உருளைல மாட்டுனீங்களா?"

"மாட்டுனேன்னுதான் நெனைக்கிறேன்."

"மாட்டலீங்க. ஃபிலிம் நகரவே இல்லீங்க. ஒரு படங்கூட விழுகலீங்க."

டிஜிட்டலாக இருந்திருந்தால் இந்த லட்சணம் அந்த நிமிடமே திரையில் தெரிந்திருக்கும். (காத்திருப்பதுதான் ஃபிலிமின் அழகு என்று வேறு சொல்லி வைத்திருந்தேன்.)

சித்தையன்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"படம் போனாப் போகுதுடா. மடியிலயாவது வச்சிருக்கலாம்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் அவளே சோறு போட்டாள்.

யாரோ எனக்குத் தெரியாமல் செல்லில் எடுத்த ஒரே ஒரு படம் பிறகு கிடைத்தது. அதில் நான் கையை விரித்து நீட்டிக் கத்திக்கொண்டிருக்கிறேன். அக்கா அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். மருமகனுக்கு இப்போது ஏழு வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுகிறான்.

"இதுதான் எனக்கு மொட்டை போட்ட படம். நான் எங்க மாமா கைக்குப் பின்னாடி இருக்கேன்."