பிரெஞ்சுப் புரட்சி வரும்வரை சுற்றினேன்

நான் எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில் என்பது சங்கரன்கோவிலில் எல்லோருக்கும் தெரியும். எப்படி ஃபெயிலானேன் என்பதை மட்டும் வீட்டுக்கு வெளியே இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். பரீட்சையில் என்னைச் சோதனை போட்ட ஆபீசர் இனிமேலா வந்து பிடிக்கப் போகிறார்?

எழுபதுகளின் கடைசி. மற்ற பாடங்களில் எப்படியோ தப்பித்துவிட்டேன். (தமிழில் முப்பத்தாறு. தாய்மொழி என்பதால் ஒரு மார்க் கூடுதல்.) சரித்திரத்தில் மட்டும் பதினேழு. அக்டோபரில் மறுபடியும் எழுத வேண்டும்.

என் தாய்மாமா ஒரு பஸ் கம்பெனியில் செக்கர். வீட்டுக்கு வந்தவர் சொன்னார்:

"மருமகனே, பாஸுன்னு ஒரு தாளக் கொண்டா. புளியங்குடி வண்டியில கண்டக்டர் பையத் தூக்கி ஒன் தோள்ல மாட்டிருதேன். மொதலாளிகிட்ட ஒரு தடவதான் வாயத் தொறக்க முடியும். ஃபெயிலாகிட்டு வந்து நின்னேன்னா, ஒங்க அப்பாகூட ஆடு மேய்க்கப் போயிரு."

எனக்குக் கண்டக்டர் வேலை என்றால் உயிர். அன்றைக்கே ஒரு விசில் வாங்கி, வீட்டுக்குள் ஊதி ஊதி அம்மாவைப் பாடாய்ப் படுத்தினேன்.

விசில் ஊத வந்தது, படிக்க வரவில்லை. கோனார் வீட்டுப் பிள்ளைக்கே உரிய பொறுமையோடு உட்கார்ந்து சரித்திரக் கைடைத் திறப்பேன். இரண்டாவது வரியில் தூங்கிவிடுவேன்.

அப்போதுதான் ஆடித் தபசுத் திருவிழா வந்தது. எங்கள் ஊரில் கொடியேறிவிட்டால் வேண்டுதல் உள்ளவர்கள் கோயிலை நூற்றியெட்டுச் சுற்று சுற்றுவார்கள். அம்மாவும் கிளம்பினாள்.

"ஒனக்காவத்தாம்லே சுத்துதேன். நீயும் கூட வந்து சுத்து. அம்மன் ஆளப் பாக்காண்டாமா?"

கைடையும் எடுத்துக்கொண்டு போனேன். முழுப் புத்தகமும் கனத்ததால் தாள் தாளாகக் கிழித்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாள் என்று வைத்துக்கொண்டேன். என்ன அதிசயம்! நடந்தால் தூக்கம் வரவில்லை. படித்தது அப்படியே மண்டையில் ஏறியது. கிழக்கு வாசலில் சிந்துவெளி, கொடிமரத்தில் அசோகர், நாகசுனைக் குளம் தாண்டியதும் பானிபட், அதற்கும் அப்பால் கடைசி மூலையில் பிரெஞ்சுப் புரட்சி.

திருவிழா முடிந்தும் நான் நிறுத்தவில்லை. "படையெடுத்தான், வென்றான், கொன்றான்" என்று முணுமுணுத்துக்கொண்டு போகும் என்னைப் பார்த்துப் பூக்கார அக்கா கேட்டாள்:

"ஏலே, நீ சாமி கும்பிடுதியா, சாமிகூடச் சண்ட போடுதியா?"

பரீட்சையன்று காலை அம்மா என் சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள். கோமதி அம்மன் கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கும் புற்றுமண். "நெத்தியில பூசிக்கிட்டு எழுது" என்றாள். நான் அவசரத்தில் மறந்துவிட்டேன்.

கேள்வித்தாள் வந்தது. முதல் கேள்வி, பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள். எனக்கு அதுதான் தண்ணீர்பட்ட பாடு! பேனாவைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் விபரீதம் புரிந்தது. நடந்தால்தான் எனக்கு ஞாபகம் வரும். அதுவும் கிழக்கு வாசலிலிருந்து வரிசையாக வரும். பெஞ்சுக்கு அடியில் காலை நடப்பது மாதிரி அசைத்துப் பார்த்தேன். சிந்துவெளி லேசாகத் தலை காட்டியது. பக்கத்தில் இருந்தவன் கத்திவிட்டான்:

"சார், இவன் காலப் போட்டு ஆட்டுதான் சார். அசோகர்னு எழுதுனா கோணலாப் போவுது!"

சூப்பர்வைசர் வெளியூர்க்காரர். முறைத்தார். "தண்ணி தவிக்கு சார்" என்றேன். ஒருவனைத் தனியாக வெளியே விடக் கூடாதாம், பியூன் அண்ணாச்சியைத் துணைக்கு அனுப்பினார்.

முற்றத்தில் ஒரு வேப்பமரம். அதனடியில் தண்ணீர்ப் பானை. நான் பானையைத் தொடவே இல்லை. மரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேண்டுதலாலே?"

"ஆமாண்ணாச்சி."

"எத்தன சுத்து?"

"பிரெஞ்சுப் புரட்சி வார வரைக்கும்."

அது என்ன சாமி என்று அவர் கேட்கவில்லை. வேண்டுதல் என்றால் வேண்டுதல்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கூப்பியபடி அவரும் என் பின்னாலேயே சுற்றத் தொடங்கினார்.

நாகசுனையைத் தாண்டி பானிபட்டுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது பறக்கும் படையின் ஜீப் உள்ளே நுழைந்து, ஆபீசர் இறங்கினார்.

"என்னய்யா நடக்குது இங்க?"

"பையன் வேண்டுதல்ல இருக்கான் சார்" என்றார் அண்ணாச்சி, கூப்பிய கையை இறக்காமல்.

ஆபீசர் என் பையில் கைவிட்டார். பொட்டலம் வந்தது. பிரித்தார். மண்ணுக்கு அடியில் அச்சடித்த எழுத்து: 'அக்பரின் ஆட்சிமுறை.' வீட்டில் இறைந்து கிடந்த என் கைடுத் தாள்களில் ஒன்றை எடுத்து அம்மா மடித்திருக்கிறாள். (அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தெரிந்த நான் அதைவிட என்ன கிழித்துவிட்டேன்?)

"பிட்டு!" என்று கர்ஜித்துத் தாளை உதறப் போனார்.

"ஐயையோ, கொட்டிராதிய சார்! அம்மன் புத்துமண்ணு!" என்று அலறினார் அண்ணாச்சி.

ஆபீசரின் கை அந்தரத்தில் நின்றது. தாள் வேண்டும், அது சாட்சி. மண்ணைக் கீழே போட முடியாது, அது அம்மன். சத்தம் கேட்டு ஓடிவந்த ஹெட்மாஸ்டர் என்ன ஏது என்று கேட்காமல் ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொண்டார். சூப்பர்வைசரும் எடுத்தார். ஜீப் டிரைவர் இறங்கி வந்து கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினார். மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஆபீசரும் நெற்றியில் இட்டுக்கொண்டார். அத்தனை பேரும் பட்டையடித்த நெற்றியோடு என்னை விசாரித்தார்கள்.

கடைசியில் தாளையும் கேள்வித்தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அக்பரைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

"பிட்டடிக்கிறதுக்குக்கூடக் கொஞ்சம் படிச்சிருக்கணும்டா" என்றார் ஆபீசர். "இதனால உனக்கு ஒரு மார்க்கும் கிடைக்காது. போய் எழுது."

முக்கால் மணி நேரம்தான் பாக்கி. விட்ட இடத்திலிருந்து ஹாலுக்கு ஓடினேனா, பிரெஞ்சுப் புரட்சி வந்துவிட்டது. இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். ஆனால் மற்றக் கேள்விகளெல்லாம் அதற்கு முந்திய மூலைகளில் இருந்தன. கோயிலில் திரும்பி நடக்கக் கூடாதே!

குத்துமதிப்பாகக் கிறுக்கியதையும் சேர்த்து இருபத்தொன்பது மார்க். மாமா பையை வேறொருவன் தோளில் மாட்டினார். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நான் எலுமிச்சை லாரியில் கிளீனராக ஏறி டிரைவராக இறங்கினேன்.

எனக்குப் பெண் பார்க்க ராயகிரிக்குப் போனபோது, "மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காரு?" என்று கேட்டார்கள். அம்மா அசரவில்லை.

"படிப்ப விடுங்க. எம்மவன் பரீட்ச எழுதயில, கவர்மெண்டு ஆபீசரே ஜீப்புல வந்து, அவங்கிட்ட இருந்து புத்துமண் வாங்கிப் பூசிட்டுப் போனாரு. கேட்டுப் பாருங்க, ஊரே சொல்லும்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். உண்மை தெரிந்த அன்று என் மனைவி சொன்னாள்: "சரித்திரத்துல ஒங்க அம்மைக்குத்தான் நூத்துக்கு நூறு போடணும்."

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பெருமையடித்தால், என் அம்மாவின் அந்தப் பேச்சை எடுக்காமல் பிள்ளைகள் விட மாட்டார்கள். போன வாரம்கூட, நான் லாரி ஓட்டிய காலத்தில் செங்கோட்டை மலைப்பாதையில் பிரேக் இல்லாமல் வண்டியை இறக்கிய கதையைப் பேரனிடம் விரிவாகச் சொல்லி முடித்தேன். அவன் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டான்:

"ஆபீசர் ஜீப்புலயா வந்தாரு, தாத்தா?"