எதிராளி இல்லாத மாவீரர்

உலகத்தின் எந்த மைதானத்திலும் நடக்காத ஓர் அற்புதம் யாங்கோனில் நடந்தது என்பதை வரலாறு பதிவு செய்தே ஆக வேண்டும். என் காக்கா இனாயத்துல்லா பதினான்கு வருஷம் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து ஆடி, ஆயிரத்து இருநூற்று மூன்று கோல் போட்டார். எங்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

நகரின் பபேடான் பேட்டையில் இருந்த எங்கள் குடைக்கடைக்கு வந்த ஓர் ஆஸ்திரேலியக் கப்பல்காரர், 1990இல், முட்டை வடிவப் பந்து ஒன்றையும் விதிப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். படித்த அன்றே காக்காவுக்குப் பித்துப் பிடித்தது. அணிக்குப் பதினெட்டுப் பேர். நடுக்கம்பங்கள் இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், ஆறு புள்ளி.

அப்போது ராணுவ ஆட்சி; சட்டப்படி ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது. பட்டியலில் உள்ள விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. முட்டைப் பந்து பட்டியலில் இல்லை. ஆகவே ஊ தங்கவேலு தலைமையில் 'விளையாட்டு ஒழுங்குக் குழு' தோன்றியது. 'ஊ' என்றால் பர்மிய மொழியில் 'ஐயா'. உறுப்பினர்கள் ஒன்பது பேர். தாங்கள் கூடுவதற்கான அனுமதியைத் தங்களுக்குத் தாங்களே 'பெருந்தன்மையுடன்' வழங்கிக்கொண்டார்கள்.

குழு கண்ட தீர்வு மகத்தானது. சனிக்கிழமை எங்கள் ஆட்கள் நால்வரும் ஒரு நடுவரும் ஆடுவோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் எதிரணியான தாமுவே பேட்டை அணியின் நால்வர் அதே நடுவரோடு ஆடுவார்கள். வென்றது யார் என்பதைச் செவ்வாய்க்கிழமை குழு கூடி, சமோசா தின்று முடிவு செய்யும்.

காக்கா கோல் மேல் கோல் போட்டார். ஆனால் முகத்தில் களையே இல்லை. ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு தலைவரிடம் போனார்.

"யாராச்சும் ஒருத்தர் என் முன்னாடி நின்னு மறிக்கணும், ஊ. ஒரே ஒரு ஆட்டம் போதும்."

"ஏன் தம்பி வம்பு? ஆளில்லாம கோல் போடுறது சுளுவாத்தானே இருக்கு?"

"சுளுவாத்தான் இருக்கு. அதனாலதான் நான் ஆடுறேனா இல்லியான்னே வெளங்கல."

எங்களில் இருவர், தாமுவேயில் இருவர், ஒரு நடுவர். கூட்டினாலும் ஐந்துதானே என்று நான் மனு எழுதினேன். குழு ஏழு மாதம் ஆலோசித்துப் பதில் அனுப்பியது: 'எதிரெதிர்த் தரப்பினர் ஓரிடத்தில் சேர்வது விளையாட்டு அல்ல, தகராறு.' மேலும் பதினோரு மனு எழுதினேன். பதினோரு முறையும் அதே பதில், புதுத் தேதியுடன்.

2004இல் காக்கா ஒரு சனிக்கிழமை ஆடி முடித்து வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. வயது நாற்பத்தொன்று.

குழு இரங்கல் கூட்டம் நடத்தியது. ஊ தங்கவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"பதினாலு வருஷம். அவரை எதிர்த்து ஒருத்தர்கூட மைதானத்துல எறங்கினதில்ல. எப்பேர்ப்பட்ட சாதனை!"

நான் எழுந்து, அந்தச் சாதனை என் காக்காவுடையது அல்ல, முழுக்க முழுக்கக் குழுவினுடையது என்று பணிவுடன் திருத்தினேன்.

தலைவர் அடக்கமாகத் தலைகுனிந்தார். என் திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது.